வண்டிக்குப் போன உயரம்

எங்கள் ஊரில் புது லாரி வாங்கினால், மருமகளை அழைப்பது போல ஆரத்தி எடுத்துத்தான் வீட்டுக்கு அழைப்போம். சங்ககிரிக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவே, கரடு என்கிற பாறைக்குன்றின் அடிவாரத்தில், கிணறுகள் வறண்ட பிறகு ஆண்களெல்லாம் கலப்பையை விட்டு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்ட ஊர் அது. மாட்டுக்குச் செய்துவந்த மரியாதைகளை அப்படியே லாரிக்கு மாற்றிக்கொண்டு, அது போதாதென்று சிலதைக் கூட்டியும் கொண்டோம். வண்டி வாசலுக்கு வந்ததும் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி, அந்த வீட்டுப் பெண் மஞ்சளில் கையை நனைத்து முதலில் தன் வீட்டு வாசல்நிலையின் மேல்கட்டையிலும் பிறகு வண்டியின் நெற்றியிலும் பதித்து, "இந்த வூட்ல இருக்கறதெல்லாம் இனி உன்னுது சாமி" என்று சொல்ல வேண்டும். அதைக் கேட்காமல் எங்கள் ஊர் லாரி எதுவும் முதல் லோடு ஏற்றியதில்லை.

பழைய லாரிகளிடம் அப்படிச் சொன்னதில் ஒரு தொந்தரவும் வந்ததில்லை. பலகை சீட்டும், கயிறு போட்டுக் கட்டிய கதவும், டிரைவரின் இடது காலை நாள் முழுக்க வேகவைக்கும் இன்ஜின் சூடுமாக அவை பாட்டுக்கு ஓடின. டீசல் கேட்டன, தண்ணீர் கேட்டன, மனசு சரியில்லாத நாளில் நடுவழியில் நின்று ஒரு மெக்கானிக்கைக் கேட்டன. வீட்டில் இருப்பதை எடுத்துக்கொள் என்று வாய்விட்டுச் சொன்னாலும் எடுத்துக்கொள்ளத் தெரியாத பிறவிகள் அவை.

எங்கள் ஊர் டிரைவர் நாச்சிமுத்து புது வண்டி வாங்கியது ஆடம்பரத்துக்காக இல்லை. பின்னாளில் ஊர் வேறு மாதிரிப் பேசியதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவருடைய தம்பி சாமியப்பன் ஒரு சித்திரை மாதத்து மதியத்தில், நாக்பூருக்கு அந்தப் பக்கம், கேபினுக்குள் அடித்த வெக்கையில் கண் செருகி, ஓரமாக நின்றிருந்த இன்னொரு லாரியின் முதுகில் போய் மோதினான். அவனை வீட்டுக்குக் கொண்டுவந்தபோதும் அவன் இடது கால் சூட்டில் கறுத்துத்தான் இருந்தது. அன்றிலிருந்து நாச்சிமுத்துவுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசை, குளிர்ந்த காற்று அடிக்கும் கேபின். வருஷா வருஷம் பொங்கல் முடிந்ததும் சேர்த்த காசோடு ஷோரூமுக்குப் போவார். வருஷா வருஷம் விலை அவருக்கு ஒரு எட்டு முன்னால் போய் நின்றுகொண்டிருக்கும். டீயைக் குடித்துவிட்டுத் திரும்பி வருவார்.

கடைசியாகப் போனபோது அங்கிருந்த விற்பனைப் பையனிடம் கெஞ்சாத குறையாகக் கேட்டார்.

"எனக்கு ஏசி மட்டும் இருந்தாப் போதுமுங்க தம்பி. வேற ஒண்ணும் வேண்டாம்."

"ஏசி தனியா வராதுங்க சார். ஏசி வேணும்னா டாப் மாடலுக்குத்தான் போகணும். அதுல மெத்தை வருது, தானா ஏறி எறங்கற சீட்டு வருது, குட்டி பிரிட்ஜு வருது, தொட்டாப் படம் காட்டற திரை வருது, மேல நீல வெளக்கு வருது."

"நீல வெளக்கு எனக்கு எதுக்குங்க?"

"எல்லாம் சேந்துதானுங்க சார் வரும். அடுத்த மாசம் வெல இன்னும் ஏறுது, பாத்துக்கோங்க."

நீல விளக்கு வேண்டாம் என்றால் சாமியப்பனுக்குக் கிடைக்காத காற்றும் வேண்டாம் என்றாகிவிடும். நாச்சிமுத்து டாப் மாடலையே வாங்கினார்.

வண்டி வந்த அன்று அவர் மனைவி பாவாயி அதில் ஏறி உட்கார்ந்து பார்த்தாள். காற்று முகத்தில் பட்டதும், பெற்ற பிள்ளைக்கு முன்னால் அவள் சோறு போட்டு வளர்த்த கொழுந்தன் சாமியப்பன் நினைவு வந்து, அழுதுகொண்டே இறங்கினாள். மற்றப் பெண்கள் சடங்குக்காக முணுமுணுத்துவிட்டுப் போகிற வார்த்தையை அவள் மட்டும் மனசு நிறைந்து, வண்டியின் நெற்றியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னாள். "இந்த வூட்ல இருக்கறதெல்லாம் இனி உன்னுது சாமி. என்ற வூட்டுக்காரர மட்டும் நல்லபடியாப் பாத்துக்கோ." வண்டி அவள் சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொண்டது.

முதல் லோடு இறக்கிவிட்டு வந்த நாச்சிமுத்துவுக்கு வீட்டு நிலையில் தலை இடித்தது. கேபின் மெத்தையில் கால் நீட்டிப் படுத்ததில் தான் வளர்ந்துவிட்டதாகச் சொல்லிச் சிரித்தார். அடுத்த லோடு முடிந்து வந்தபோது கூடத்து மின்விசிறி அவர் முடியைக் கலைத்தது. அதற்கடுத்த முறை குனிந்துதான் உள்ளே வந்தார். சுவரில் விரிசல் இல்லை, ஓடு ஒன்றும் நழுவவில்லை, தரையும் சுவரும் கூரையும் அப்படியே இருக்க, நடுவில் இருந்த உயரம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது. போன உயரம் எங்கே போனதென்று தேடவும் வேண்டியிருக்கவில்லை. முதலில் கழுத்தை மடக்கி உட்கார வேண்டியிருந்த கேபினுக்குள் நாச்சிமுத்து இப்போது நிமிர்ந்து நின்று வேட்டி மாற்றினார்; பிறகு கையைத் தூக்கிச் சோம்பல் முறித்தார்; பிறகு கையைத் தூக்கினாலும் கூரை எட்டவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் வண்டி வாங்கிய அன்றைக்கு இருந்த உயரம்தான். எந்தப் பாலத்தடியிலும் அது மாட்டிக்கொண்டதில்லை.

பாவாயி வீட்டில் மட்டும் நடந்திருந்தால் ஊர் கூடி ஒரு பூசாரியை அழைத்திருக்கும். அந்த வருஷம் டாப் மாடல் வாங்காத தெரு இல்லை, அதனால் அது ஒரு பொதுக்காரியமாகிப் போனது. எலெக்ட்ரீசியன் வீடு வீடாகப் போய் விசிறிக் கம்பியை அறுத்துக் குட்டையாக்கினான், பிறகு விசிறியையே கழற்றினான். தச்சர் கட்டில் கால்களை வெட்டினார், வெட்டிய கால்கள் தெருமுனையில் விறகாகக் குவிந்தன. சாமி படங்கள் நெற்றிக்கு நேராக இருந்து நெஞ்சுக்கு இறங்கி, நெஞ்சிலிருந்து மடிக்கு இறங்கின. பெண்கள் கூட்டிப் பெருக்கக் குனிய வேண்டியதில்லை, குனிந்தே இருந்தார்கள். கல்யாணத் தரகர் மாப்பிள்ளையின் சம்பளத்தைச் சொல்வதற்கு முன்னால் அவன் குள்ளம் என்பதை ஒரு தகுதியாகச் சொல்லத் தொடங்கினார். வெளியூரில் எங்கள் ஆட்களை எளிதாக அடையாளம் கண்டுகொள்ளலாம், எவ்வளவு பெரிய வாசலாக இருந்தாலும் தலையைக் குனிந்துகொண்டே உள்ளே நுழைவோம், ரொம்பப் பணிவான ஊர்க்காரர்கள் என்று நல்ல பெயர்கூட வந்தது. ஷோரூமில் விலை ஏறிய மாதங்களில் வீடுகள் கொஞ்சம் கூடுதலாக இறங்கின என்பதால், மழை வருமா என்று கேட்பது போல, "இந்த மாசம் வெல ஏறுதாமா?" என்று டீக்கடையில் கேட்டுக்கொண்டோம். ஏன் இப்படி என்று ஆரம்பத்தில் இரண்டொரு பேர் கேட்டார்கள். லாரி உரிமையாளர் சங்கத் தலைவர் கூட்டம் போட்டு, வளர்ச்சி என்றால் ஒரு பக்கம் ஏறும் ஒரு பக்கம் இறங்கும் என்று பேசினார்; அவர் வீட்டில் பேசும்போது முழங்காலில் நின்றுதான் பேசுவார்.

விற்றுவிட்டால் சரியாகும் என்று பார்த்தவரும் உண்டு. மேலத்தெருப் பெரியண்ணன் தன் வண்டியைச் சேலத்துக்காரருக்கு வந்த விலைக்குத் தள்ளிவிட்டார். உயரம் வண்டியோடு சேலத்துக்குப் போய்விட்டது. கடனில் பாதியும் தவழும் வீடும் பெரியண்ணனுக்கே மிஞ்சின.

கூரை இறங்கினால் தரையைத் தோண்டலாமே என்று முதலில் யோசித்தது யார் என்று தெரியவில்லை. ஒரே வாரத்தில் ஊரெங்கும் கடப்பாரைச் சத்தம். ஆனால் எங்கள் ஊர் கரட்டுப் பாறையின் மேல் உட்கார்ந்திருக்கிற ஊர். கொஞ்சம் தோண்டினால் பாறை. வீட்டுக்கு ஓர் இடத்தில் ஒரு ஆள் நிற்கும் அளவு பாறை விட்டுக்கொடுத்தால் அதுவே அதிர்ஷ்டம். அந்த இடத்துக்கு நிக்கற குழி என்று பெயர் வந்தது. முறை வைத்து அதில் இறங்கி நின்று, இடுப்பில் கை வைத்து முதுகை நிமிர்த்தி, ஒரு பெருமூச்சு விட்டு ஏறிவருவோம். வீட்டுக்கு ஒறம்பரை என்று சொந்தபந்தம் வந்தால் முன்பு உட்காரச் சொல்வோம். இப்போது, "வாங்க, கொஞ்ச நேரம் நில்லுங்க" என்றோம்.

இப்படி எல்லாவற்றுக்கும் நாங்கள் பழகிக்கொண்டிருந்தபோதுதான் பாவாயியின் ஒரே மகள் மேகலா, பவானியில் வாழ்க்கைப்பட்டவள், உண்டாகியிருப்பதாகச் செய்தி வந்தது. தலைப்பிரசவம் தாய்வீட்டில். பாவாயி வீட்டுக் கூடத்து உத்தரத்தில் ஒரு இரும்பு வளையம் உண்டு. மேகலா தூங்கிய தூளி அதில்தான் தொங்கியது. அவள் கல்யாணமாகிப் போன பிறகும் பாவாயி வருஷம் ஒருமுறை நாற்காலி போட்டு ஏறி அதற்கு எண்ணெய் போட்டுவந்தாள். பேரப்பிள்ளை அந்த வளையத்தில் தூங்க வேண்டும், அந்தக் கூடத்தில் எழுந்து நிற்க வேண்டும், அதற்கப்புறம் எமன் வந்து கூப்பிட்டாலும் சரி என்று அவள் எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தாள். இப்போது வளையத்துக்கு எண்ணெய் போட நாற்காலி வேண்டியிருக்கவில்லை. பிறகு எழுந்திருக்கவே வேண்டியிருக்கவில்லை. பிறகு ஒருநாள் பார்த்தால் உத்தரம் இருந்தது, வளையம் இல்லை.

மேகலாவின் மாமியார் போனில் மரியாதையாகத்தான் சொன்னார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சம்மந்தி. நிமிந்து நிக்க முடியாத வூட்டுக்கு வாயும் வயிறுமா இருக்கற புள்ளய எப்படி அனுப்பறதுங்க?"

"நிக்கலாமுங்க சம்மந்தி. நான் தோண்டிப்போடறேன். நல்லா தாராளமா நிக்கலாமுங்க" என்றாள் பாவாயி.

அன்றிலிருந்து அவள் தோண்டினாள். குனிந்த முதுகோடு, கடப்பாரையை ஓங்கக்கூட உயரமில்லாத கூடத்தில், உளியும் சுத்தியுமாக உட்கார்ந்து, நிக்கற குழியை அகலப்படுத்தப் பார்த்தாள். பாறையில் பொறி பறந்ததே தவிர அது இளகவில்லை. உள்ளங்கை கிழிந்து இரத்தம் வந்த ஒரு மத்தியானம், வாசலில் லாரி நின்றிருந்தது; நாச்சிமுத்து குளிக்கப் போயிருந்தார். பாவாயி உளியைப் போட்டுவிட்டுப் போய் வண்டியில் ஏறினாள், கொடுத்ததைத் திருப்பிக் கேட்கலாம் என்று.

கேபினுக்குள் காற்று சில்லென்று இருந்தது. அண்ணாந்து பார்த்தாள். எங்கோ மேலே, நீல விளக்குகளுக்கும் மேலே, அவள் எண்ணெய் போட்ட வளையம் தொங்கியது. அதைச் சுற்றி அவள் அடுப்புப் புகை படிந்த கறுப்பும் இருந்தது. "சொன்னது சொன்னதுதாஞ் சாமி, வாய் தவறிச் சொல்லல" என்று வண்டியிடம் சொன்னாள். "எல்லாத்தையும் வெச்சுக்கோ. அந்தக் கூடத்துல ஒரு ஆள் ஒசரம் மட்டும் திருப்பிக் குடு. எம்புள்ள வரோணும்." காற்று பாட்டுக்கு வீசிக்கொண்டிருந்தது. பேசிக்கொண்டே மெத்தையில் சாய்ந்தவள், எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு முதுகை நீட்டிப் படுத்ததில், அப்படியே தூங்கிப்போனாள். அப்படி ஒரு தூக்கத்தை அவள் பிறந்ததிலிருந்து தூங்கியதில்லை. விழித்தபோது நாச்சிமுத்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவள் தேம்பித் தேம்பி அழுதாள், வண்டி மறுத்துவிட்டதே என்று மட்டும் இல்லை, அந்தத் தூக்கம் அவ்வளவு நன்றாக இருந்ததே என்றும்தான்.

"வித்துப்புடலாங்க" என்றாள்.

"வித்தா ஒசரம் வந்துருமா? பெரியண்ணனுக்கு வந்துச்சா?" மெத்தையைத் தட்டிக் காட்டி, "நீயே தூங்கிப் பாத்தியல்ல. இந்தக் காத்து அன்னிக்கு அவனுக்குக் கெடச்சிருந்தா, சாமியப்பன் இருந்திருப்பான் பாவாயி" என்றார்.

பாவாயி தூங்கி எழுந்த முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டியை விட்டு இறங்கினாள்.

மேகலா மாமியார் பேச்சை மீறி வந்தாள். திருச்செங்கோட்டு ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்தபோது உட்கார்ந்தால் தலை தட்டுகிற அளவுக்குக் கூரை வந்துவிட்டது. தூளி கட்டினால் தரையில் புரளும். நாச்சிமுத்து பாவாயியின் பழைய நூல்சேலையை எடுத்துக்கொண்டு போய், மெத்தை மேல் ஏணி போட்டு ஏறி, கேபின் கூரையில் இருந்த வளையத்தில் தூளி கட்டினார். குழந்தை அதில் போட்ட மாத்திரத்தில் உறங்கியது. ஊர்ப் பெண்களெல்லாம் தவழ்ந்து தவழ்ந்து தங்கள் வீடுகளை விட்டு வெளியே வந்து, முதுகைப் பிடித்து நிமிர்ந்து, முறை போட்டுக் கேபினில் ஏறி, நீல வெளிச்சத்தில் உறங்கும் குழந்தையைப் பார்த்துவிட்டு இறங்கினார்கள். எவ்வளவு கொடுத்தாலும் தகும், இந்தத் தூக்கத்துக்குக் கொடுக்கலாம் என்று ஒருத்தி சொன்னாள்.

ஆனால் வண்டி நின்றால் தவணை நிற்காது. லோடு வந்தது, நாச்சிமுத்து கிளம்பினார். குழந்தையை எடுத்துக் கீழே கொடுத்தவர் தூளியை அவிழ்க்கவில்லை. வழியெல்லாம் அது அவர் முதுகுக்குப் பின்னால் வெறுமனே ஆடிக்கொண்டு போனது, சிக்னலில் நின்றபோதெல்லாம் கையை நீட்டி அதை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டார். குழந்தை இங்கே வீறிட்டு அழுதது. பாவாயி மல்லாந்து படுத்து அதை நெஞ்சின் மேல் போட்டுக்கொண்டு, மூச்சை ஆழமாக இழுத்தும் விட்டும் ஆட்டினாள். மூக்குக்கு நேரே ஓடு இருந்தது. குழந்தை உறங்கவில்லை.

சத்தம் கேட்டதுபோல் அந்த வாரமே மாமியார் வந்தார். வாசலில் மண்டியிட்டு உள்ளே வந்தவரை, "வாங்க சம்மந்தி, கொஞ்ச நேரம் நில்லுங்க" என்று பாவாயி குழியைக் காட்டினாள். மாமியார் குழியில் இறங்கி நின்று, உளிக்காயம் பட்ட பாறையைத் தடவிப் பார்த்தார். நல்ல மனுஷிதான், கண் கலங்கிவிட்டது.

"நீங்க பட்ட பாடு தெரியுதுங்க சம்மந்தி. ஆனா கொழந்த நிமிந்து நிக்கப் பழகோணுமில்லீங்களா? அங்க எங்க வூட்ல நின்னு பழகட்டும். பழகின பொறவு நானே கூட்டியாறேன். பழகிட்டா அப்பறம் மறக்காதில்லீங்க?"

மேகலாவும் குழந்தையும் போனார்கள். பாவாயி அதற்குப் பிறகு தோண்டவில்லை. நிக்கற குழியில் இறங்கி நிற்பதையும் விட்டுவிட்டாள், எங்கள் எல்லாருக்கும்போல அவளுக்கும் குனிந்திருப்பது வலிக்காமல் போய்விட்டிருந்தது.

மறு வருஷம் மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்கு மாமியார் வாக்குத் தவறாமல் கூட்டிவந்தார். பாப்பா தெருவில் தத்தித் தத்தி நடந்து வந்தது. வாசல் நிலையில் மஞ்சள் கை பதிந்த கட்டை பெரியவர்கள் தொடை உயரத்துக்கு வந்திருந்தது. மேகலா மண்டியிட்டாள், மாமியார் மண்டியிட்டார், பாப்பா மட்டும் நடந்தே உள்ளே போனது. கூடத்து நடுவில் போய், வளையம் இருந்த இடத்துக்கு நேர் கீழே, எதையும் பிடிக்காமல் நின்று கையைத் தட்டியது. படுத்திருந்த பாவாயி கையை ஊன்றிப் பாதி எழுந்தாள். அந்த வீட்டில் மனுஷர் ஒருத்தர் நிமிர்ந்து நிற்பதை அவள் பார்த்து எவ்வளவு காலமாகிவிட்டது. அக்கம்பக்கத்துப் பெண்கள் சேதி கேட்டுத் தவழ்ந்து வந்து, சுவரோரமாகக் கழுத்தை மடக்கி உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார்கள்.

அப்போதுதான் நாச்சிமுத்து போன் செய்தார். நாக்பூருக்கு அந்தப் பக்கம் இருந்தார். போனைக் காதில் வைத்துப் பாவாயி கத்தினாள்.

"ஏனுங்க, நிக்கறாளுங்க! நம்ம கூடத்துல, நம்ம பாப்பா, நிமிந்து நிக்கறா!"

அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் கேட்டது. உயரமான கேபினில் அது எதிரொலித்தது.

பாப்பா கை தட்டுவதை நிறுத்திவிட்டு ஒவ்வொருவராகப் பார்த்தது. அம்மாவைப் பார்த்தது, சுவரோரத்துப் பெண்களைப் பார்த்தது, கழுத்தைச் சாய்த்துப் போன் பேசும் பாவாயியைப் பார்த்தது. எல்லாரும் ஒரே மாதிரி இருந்தார்கள். அது மெல்லத் தன் கழுத்தை மடக்கி, தோளைக் குறுக்கி, முதுகை வளைத்து, அவர்களைப் போலவே குனிந்து நின்று, சரியாகச் செய்துவிட்டேனா என்பதுபோல் சிரித்தது. பாவாயி கையை நீட்டி அதன் தாடையைத் தூக்கி நிமிர்த்தினாள். கையை எடுத்ததும் மறுபடி குனிந்துகொண்டது.

"பாவாயி, இன்னும் நிக்கறாளா?"

"ம். நிக்கறாளுங்க" என்றாள் பாவாயி.

பாப்பாவின் தலைக்கு மேலே இன்னும் நாலு விரல் இடம் இருந்தது.